சான்றிதழ் சுவரில், பாடம் யார் கையில்?

(பாகான் டத்தோ வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், தோட்டக் கிராணியாகவும் சங்க ஊழியராகவும் பணியாற்றும் தோழர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வாரத்தில் ஆறு நாள் வெயிலிலும் மழையிலும் நின்றுவிட்டு, ஏழாம் நாளும் வீட்டில் கால் நீட்டாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகையால் வளர்த்தாமல் சங்கதிக்கு வருகிறோம்.

தோட்ட ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறதே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? சம்பள நாளன்று வரிசையில் நிற்கும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னதுண்டா? சொல்லியிருந்தால் கை தூக்குங்கள். இத்தனை பெரிய கூட்டத்தில் மூன்றே மூன்று கைகள்தாம் தெரிகின்றன. இன்று நாங்கள் பேச வந்ததற்கு இந்த மூன்று கைகளே காரணம்.

இந்தத் தோட்டம் மண்ணைக் கெடுக்கவில்லை, ஆற்றைக் கெடுக்கவில்லை, உழைப்பவரை வதைக்கவில்லை என்று உலகத்துக்குச் சொல்வதே அந்தக் காகிதம். இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் நிலைபேறு என்று சொல்லலாம். இன்று எடுக்கும்போதே நாளைக்கும் மிச்சம் வைத்து எடுப்பது என்பதுதான் அதன் பொருள்.

பால்மரம் சொன்ன பாடம்

சொல் புதிது, தோழர்களே, சங்கதி புதிதல்ல. நம் பாட்டனும் பாட்டியும் இதை ரப்பர் மரத்தடியில் கற்றார்கள்.

ரப்பர் மரத்தைக் கண்டபடி கொத்திப் பாலெடுத்தால் மரம் சீக்கிரம் பாழாகிவிடும். சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர், மரத்தைக் காயப்படுத்தாமல், அதே வெட்டின் ஓரத்தை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் நிலைநாட்டினார். ஆனால் ரிட்லி கண்ட முறையை லட்சக்கணக்கான மரங்களில் நாள்தோறும் செய்து காட்டியவர் யார்? விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன நம் மக்கள் அல்லவா?

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்த்தோல் இருக்கிறது. கத்தி அதில் பட்டால் மரம் புண்பட்டு, அந்த இடத்தில் கட்டி கட்டியாக வளரும். அப்புறம் அங்கே புதுப்பட்டை சரியாக வராது. மறுமுறை வெட்ட இடமிராது. ஆழமாக வெட்டினால் இன்று பால் கூடும். பத்து ஆண்டுக்குப் பின் மரம் கைவிடும். அளவாக வெட்டினால் இருபத்தைந்து, முப்பது ஆண்டு வரை மரம் சோறு போடும். ஒரு முடியளவு வேறுபாடு! அந்த முடியளவைக் காத்தது சட்டமல்ல, சான்றிதழுமல்ல. வெட்டியவரின் விரல்நுனி அறிவு காத்தது.

அந்த அறிவு எப்படி வந்தது? வேலை நடக்கும் இடத்திலேயே வந்தது. தாய் தன் கையைப் பிள்ளையின் கைமேல் வைத்துக் கத்தியை இழுத்துக் காட்டினாள். தாய்மொழியில் சொன்னாள். தப்பாக வெட்டினால் ஏன் தப்பு என்றும் சொன்னாள். இடம், மொழி, காரணம் ஆகிய இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடியுமுன் இவற்றுக்குத் திரும்பி வருவோம்.

செம்பனையும் சான்றிதழும்

காலம் மாறியது. 1917 இல் கோலாசிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நட்டார்கள். பின்னர், ரப்பர் நின்ற நிலங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. நம் பாகான் டத்தோ, தென்னைக்குப் பெயர்போன கடலோர ஊர். 2017 இல் தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. இங்கும் செம்பனையே இன்று பெரும்பாலோருக்குச் சோறு போடுகிறது.

செம்பனைக்காகக் காடுகள் அழிகின்றன என்று உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. அதற்குப் பதிலாக 2004 இல் ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அமைப்பு உருவாயிற்று. அதன் சான்றிதழை உலகிலேயே முதலில் பெற்ற தோட்டக் கம்பெனி எது தெரியுமா? தூரத்தில் எங்கும் இல்லை. தெலுக் இந்தானுக்கு அருகில், நம் அண்டையிலேயே இருக்கும் ஜெண்டராட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் பிளாண்டேஷன்ஸ். 1906 இல் ரப்பர் கம்பெனியாகப் பிறந்த அந்நிறுவனம் 2008 ஆகஸ்டில் அந்தச் சான்றிதழைப் பெற்றது. பின்னர் நம் நாடே எம்.எஸ்.பி.ஓ. என்னும் சான்றிதழை ஏற்படுத்தி, 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கிவிட்டது. ரப்பரும் தப்பவில்லை. 2020 டிசம்பருக்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பொருளை விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய சட்டத்தின் பட்டியலில் செம்பனையெண்ணெயோடு ரப்பரும் இருக்கிறது. அது செயலுக்கு வரும் நாளைத் தள்ளிப் போட்டார்களே தவிரச் சட்டத்தைக் கைவிடவில்லை.

"இதெல்லாம் முதலாளிமாரின் விளம்பரம், நமக்கென்ன?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2020 இல் என்ன நடந்தது? கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகச் சொல்லி, மலேசியாவின் இரு பெரிய கம்பெனிகளின் எண்ணெயை அமெரிக்கா தன் துறைமுகங்களில் நிறுத்திவிட்டது. தொழிலாளி நடத்தப்படும் விதம் சந்தையின் கதவையே மூடக்கூடும் என்று அன்று எல்லோருக்கும் விளங்கியது. அந்தச் சான்றிதழின் விதிகளுக்குள்ளே சங்கம் சேரும் உரிமை இருக்கிறது. குறைகளைச் சொல்ல வழி இருக்கவேண்டும் என்பது இருக்கிறது. கர்ப்பிணிகளும் பால்கொடுக்கும் தாய்மாரும் மருந்தடிக்கக்கூடாது என்பது இருக்கிறது. தொழிலாளர் அனைவருக்கும், குத்தகை ஆட்களுக்கும்கூட, தக்க பயிற்சி கொடுக்கவேண்டும் என்பதும் இருக்கிறது. ஆகவே அது முதலாளியின் காகிதம் மட்டுமல்ல; படித்துத் தெரிந்துகொண்டால் நம் கைக்கும் அது ஆயுதமாகும்.

காரணம் தெரியாத கை

பயிற்சி எதற்கு, உத்தரவு போதாதா என்று துரைமார் சிலர் நினைக்கக்கூடும். போதாது. மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, பூச்செடி. கீழ்ப்பேராக் பகுதியில் 'உலாட் புங்குஸ்' என்னும் பைப்புழு செம்பனையை எப்படி மொட்டையடிக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. 2013 இல் அரசாங்கமே அதை ஆபத்தான பூச்சியாக அறிவித்தது. அந்தப் புழுவைத் தாக்கும் சிறு குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றுதான் சாலையோரத்தில் பூச்செடிகளை நடுகிறார்கள். இதை அறியாத மருந்தடிக்கும் ஆள் என்ன செய்வார்? பாதையைச் சுத்தமாக்கும்படி மண்டோர் சொன்னார். களையோடு களையாகப் பூச்செடிக்கும் அடித்துவிடுவார். ஆறு மாதம் கழித்துப் புழு வரும். அப்போது மேலும் விஷத்தை வாங்கி, அதே ஆளின் முதுகில் ஏற்றுவார்கள்.

இரண்டாவது, ஆந்தை. எலியைப் பிடிக்கக் கம்பங்களின்மேல் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். நம் வீடுகளிலோ, ஆந்தை அலறினால் சாவு வரும் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஓர் ஆந்தைக் குடும்பம் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்னும். சம்பளம் கேட்காத தொழிலாளி அது! ஆனால் சிலவகை எலி விஷத்தைத் தின்ற எலியைப் பிடித்தால் ஆந்தையும் சாகும். எந்த விஷத்தை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று வைப்பவருக்குத் தெரியவேண்டுமா, ஆபீசில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

மூன்றாவது, ஆற்றோரம். பேராக் ஆறும் பெர்ணம் ஆறும் கடலைச் சேரும் நிலம் இது. நம் தோட்டங்களில் காலுக்குக் கால் வாய்க்கால். வாய்க்காலில் விழுவது ஆற்றுக்குப் போகும், ஆற்றில் விழுவது மீனுக்குப் போகும், மீன் நம் சட்டிக்கு வரும். அதனால்தான் ஆற்றோர மரங்களில் வண்ணம் பூசி, இதற்கு அப்பால் மருந்தடிக்காதே என்று குறி வைக்கிறார்கள். குறியின் பொருள் தெரிந்தவர் நிற்பார். தெரியாதவருக்கு அது வெறும் சாயம்.

பூச்சியெல்லாம் பகையுமல்ல. 1981 க்கு முன் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தைக் கையால் தூவுவதற்கென்றே நம் ஆட்கள் மரம் மரமாகப் போவார்கள். அந்த ஆண்டில் கேமரூனிலிருந்து கொண்டுவந்துவிட்ட ஒரு சிறு வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இன்று குலை பிடிப்பதே அதன் தயவால். இதைக் கேட்டவர் எந்தப் பூச்சியைக் கண்டாலும் மருந்தடிக்க ஓடமாட்டார். இவை ஒன்றும் பெரிய சாஸ்திரமல்ல. பத்து நிமிடத்தில் மரத்தடியில் சொல்லிப் புரியவைக்கலாம்.

நாங்கள் எழுதிய பேரேடு

இப்போது சொல்வதற்குக் கசப்பான ஒன்றைச் சொல்கிறோம். ஆளின் பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். பிறரைக் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை. இதில் எங்கள் கையும் இருக்கிறது.

தணிக்கையாளர்கள் வருவதற்கு முந்தின நாள் மாலை ஆபீசுக்கு ஒரு தாள் வந்தது. மருந்தடிப்போருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்ததாக அதில் இருந்தது; கீழே கையெழுத்துகளும் கைநாட்டுகளும் இருந்தன. அப்படி ஒரு வகுப்பு நடக்கவேயில்லை. காலைப் பெரட்டில் நிற்கும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அந்தப் பெயர்களை வரிசையாகப் பேரேட்டில் ஏற்றியது யார்? நாங்கள்தாம். கிராணி வேலை என்றால் மேலிருந்து வந்ததை எழுதுவது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் தணிக்கையாளர் மருந்தடிக்கும் அக்கா ஒருவரைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் உடுப்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவர் தயங்காமல், தனியாகத் துவைப்போம் என்றார். சரியான விடை. தணிக்கையாளர் குறித்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை அந்த அக்கா ஆபீஸ் ஜன்னலண்டை வந்து நின்றார்.

"கிராணி ஐயா, துணியத் தனியாத் துவைக்கிறோம்னு சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். அது ஏன் ஐயா? நான் இத்தனை வருஷமாப் பேரப்பிள்ளை துணியோட சேர்த்துத்தானே துவைக்கிறேன்?"

மருந்து துணியில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் மற்றத் துணிக்கும் பரவும், தோல்வழியாக உடம்பில் இறங்கும், குழந்தையின் தோல் மெல்லியது என்று எங்களுக்குத் தெரிந்தவரை விளக்கினோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் காலையில சொன்னது பொய்யா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அவருக்கு விடை தெரிந்திருந்தது, பாடம் தெரியவில்லை. தோழர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் உதவாததோடு நிற்கவில்லை, விஷத்தையும் மறைத்தது.

மருந்தின் கொடுமை கதையல்ல. தெனாகானித்தா என்னும் மகளிர் அமைப்பு, பூச்சிமருந்தை எதிர்க்கும் ஆசிய பசிபிக் அமைப்போடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002 இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் பாராகுவாட் என்னும் புல் மருந்தைத் தடை செய்யப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006 இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முடிவாக 2020 ஜனவரி 1 முதல்தான் தடை வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவே எத்தனை ஆண்டு! அத்தனை ஆண்டும் அந்தப் பம்பைச் சுமந்த முதுகு யாருடைய முதுகு?

சட்டம் சொல்வது

1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளிக்குத் தேவையான தகவலும் போதனையும் பயிற்சியும் மேற்பார்வையும் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும். நூறு பேர் வரை என்றால் தொழிலாளர் பக்கம் இரண்டு பேருக்குக் குறையாமல், நூற்றுக்கு மேல் என்றால் நான்கு பேருக்குக் குறையாமல் அதில் இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது குழு கூடவேண்டும். உங்கள் தோட்டத்துக் குழுவில் உங்கள் பெயரால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக் காலையே கேளுங்கள். 2024 ஜூன் 1 முதல் இன்னோர் உரிமையும் வந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். ஆனால் ஆபத்தை ஆபத்தென்று அறியாதவர் எப்படி விலகுவார்? படிப்பில்லாத உரிமை, பூட்டிய பெட்டியில் இருக்கும் அரிசி.

நாம் கேட்கவேண்டியவை

முன்னே இடம், மொழி, காரணம் என்று மூன்று சொன்னோம். அவற்றோடு இரண்டைச் சேர்த்து ஐந்தாகக் கேட்போம்.

ஒன்று, பாடம் மரத்தடியில் நடக்கவேண்டும். ஓட்டலில் குளிர்சாதன அறையில் அதிகாரிகளுக்கு நடத்தும் வகுப்பு அதிகாரிகளுக்கே. வாரம் ஒரு நாள் பெரட்டு முடிந்ததும், அன்றைய வேலை நடக்கும் நிரையிலேயே, கருவியைக் கையில் கொடுத்துக் கற்பிக்கட்டும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள நம் மூத்தோரை ஆசிரியராக நிறுத்தட்டும். எந்த வாய்க்கால் எந்த மாதத்தில் பொங்கும், புழு எந்த மூலையில் முதலில் தலைகாட்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது தணிக்கையாளருக்குத் தெரியாது.

இரண்டு, கேட்பவரின் மொழியில் நடக்கவேண்டும். தமிழருக்குத் தமிழில். இன்று நம்மோடு தோளோடு தோள் நிற்கும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தாருக்கும் நேபாளிக்கும் அவரவர் மொழியில். நம் பாட்டனும் ஒரு காலத்தில் கப்பலேறி, மொழி தெரியாத கரையில் வந்து நின்றவர்தான் என்பதை மறக்கவேண்டாம். அவர்கள் விஷம் தெளித்தாலும் அது ஓடுவது நம் வாய்க்காலில்தான்.

மூன்று, காரணம் சொல்லவேண்டும். கேள்வி கேட்க விடவேண்டும். கேட்டவரை வாயாடி என்று பெயர் சூட்டித் தூரத்து நிரைக்குத் தள்ளக்கூடாது.

நான்கு, படிக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். குலைக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு என்று காசு எண்ணும் வேலையில் அரைமணி நேரம் நின்று கேட்டால் அரைமணிக் காசு போகிறது. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது. பணமில்லை என்று சொல்லவும் இடமில்லை. 2001 ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டம், சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வெள்ளி பயிற்சிக்கென்று முதலாளிகளிடம் வசூலிக்கிறது. 2021 இல் அது விவசாயத் துறைக்கும் விரிந்தது. அந்த லெவிப் பணம் ஆபீஸ் நாற்காலியோடு நின்றுவிடாமல் மரத்தடி வரை வரட்டும்.

ஐந்து, விளைவைத் திருப்பிச் சொல்லவேண்டும். இந்த ஆண்டு எவ்வளவு மருந்து குறைந்தது, எத்தனை ஆந்தைப் பெட்டியில் குஞ்சு பொரித்தது, எத்தனை பேருக்குக் காயம் பட்டது என்று கணக்கை அறிவிப்புப் பலகையில் நமக்குப் புரியும்படி எழுதட்டும். வெளிநாட்டில் பங்குக்காரர்களுக்கு வழவழப்பான புத்தகம் அச்சடிக்கிறவர்களால் இங்கே ஒரு சுண்ணக்கட்டி வாங்க முடியாதா?

நம் பங்கு

கேட்பதோடு நம் கடமை முடியாது. கையுறை போட்டால் வேலை ஓடாது, முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்று எடுத்தெறிகிறோம். வேலை ஓடாத கையுறையை மாற்றித் தரச்சொல்வது வேறு, எறிவது வேறு. சங்கக் கூட்டத்திலும் சம்பளத்தைப் பற்றியே பேசிக் கலைந்துவிடுகிறோம். சம்பளம் முதல் கேள்விதான், சந்தேகமில்லை. ஆனால் நுரையீரலைக் கொடுத்து வாங்கும் சம்பளம் எத்தனை நாளைக்கு? இனிக் கிளைக் கூட்டம் ஒவ்வொன்றிலும் கால்மணி நேரம் இந்தப் படிப்புக்கு ஒதுக்குவோம்.

பால்வெட்டில் கத்தி ஆழம் போகாமல் காத்த அந்த விரல்நுனி அறிவு நம் இனத்துக்குப் புதிதல்ல. யாரோ காரணம் சொன்னார்கள், நாம் கற்றோம், மரம் பிழைத்தது. அதே கை பம்பைப் பிடிக்கும்போதும் அதே மதிப்போடு நடத்தப்படவேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சின் மொத்தமும்.

கடைசியாக, கிராணிமார் சார்பில் ஒரு வாக்கு. அந்த அக்கா ஜன்னலண்டை கேட்ட கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது. அக்கா, நீங்கள் பொய் சொல்லவில்லை. பொய்யை எழுதியவர்கள் நாங்கள். இனிமேல் நடக்காத வகுப்புக்கு எங்கள் பேனா பெயர் எழுதாது. நடத்துங்கள், எழுதுகிறோம் என்று நிர்வாகத்தாரிடம் மரியாதையாகச் சொல்லுவோம். அப்படிச் சொல்லும்போது எங்கள் பின்னால் நீங்கள் எல்லோரும் நிற்கவேண்டும். நிற்பீர்களா?

(கூட்டத்தினர் "நிற்போம்!" என்று குரல் கொடுத்தனர்.)